முந்திரி கேட்டால் டோஃபு வரும்: அர்த்தம் தொலைந்த குறிகளும் அவற்றின் பட்டப்பெயர்களும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். குறிகளைக் காதால் கேட்டு மண்டை காய்ந்தவர்கள் இங்கே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.)

கண்ணால் பார்க்கவேண்டிய ஒரு விஷயத்தை இன்னைக்குக் காதுக்குச் சொல்லப்போறேன். அதனால கொஞ்சம் ஒத்துழைக்கணும். ஒரு குறியை வர்ணிக்கிறேன், மனசுக்குள்ள வரைஞ்சுக்குங்க. பெருசா ஒரு 'ட' போடுங்க. மேலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் வலது பக்கமா இன்னொரு கோடு. இப்போ அந்த 'ட'-வின் மேல் மின்னல் மாதிரி நெளிஞ்சு கீழே இறங்குற ஓர் அம்பு. அவ்வளவுதான். இதுதான் ⍼.

இது என்னவாக இருக்கும்? டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் தொங்கும் எச்சரிக்கைப் பலகை என்று சிலர் சொல்லலாம். எனக்கு என்னவோ இரண்டு அச்சு, நடுவில் சரியும் கோடு, யாரோ டிப்ஸ் கேட்டு ஷேர் வாங்கின கதை மாதிரி தெரியுது. எக்ஸ்கேசிடி என்ற இணைய காமிக்ஸை வரையும் ராண்டல் மன்ரோ, 2022 ஏப்ரலில் யூனிகோடில் உள்ள விசித்திரமான கணிதக் குறிகளுக்கெல்லாம் போலி அர்த்தம் எழுதி ஒரு காமிக்ஸ் போட்டார். அதில் இந்தக் குறிக்கு ஹாரி பாட்டரின் சித்தப்பா பையன் மாதிரி ஒரு பெயர் வைத்தார். நெற்றியில் மின்னல் இருக்கே, அதான்.

காமெடி அதோடு முடியலை. இந்தக் குறி உங்க போனுக்குள்ள வந்த கதை அதைவிடப் பெரிய காமெடி.

உலகத்தில் உள்ள எல்லா எழுத்துக்கும் குறிக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கிற ஏற்பாடுதான் யூனிகோடு. 'அ'-வுக்கு ஓர் எண், இமோஜிக்கு ஓர் எண். 2002-இல் வந்த 3.2 பதிப்பில் கணிதக் குறிகள் மொத்தமாக உள்ளே நுழைந்தன. கூட்டத்தோடு கூட்டமாக நம்ம மின்னல் 'ட'-வும் ஏறிவிட்டது. அதற்கு யூனிகோடு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'கீழ்நோக்கிய நெளிவு அம்புடன் கூடிய செங்கோணம்'. கவனிச்சீங்களா? அது பெயரே இல்லை, அங்க அடையாளம். ஒருத்தர் பெயரைக் கேட்டால் 'நீலச் சட்டை போட்ட ஆள்' என்று பதில் வருகிற மாதிரி.

2022-இல் சிலர் இதன் பூர்வீகத்தைத் தேடிக் கிளம்பினார்கள். யூனிகோடுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய ஐஎஸ்ஓ தரப் பட்டியலிலிருந்து. அங்கே இதற்குச் சுருக்கப் பெயர் 'ஆங்ஸார்'. கேட்க ஏதோ பேண்டஸி படத்து வில்லன் மாதிரி இருந்தாலும், ஆங்கிள், ஸிக்ஸாக், ஆரோ மூன்றையும் ஒட்டின சொல்தான். அதற்கும் முன்னால்? அச்சு எழுத்துகள் தயாரித்த மோனோடைப் நிறுவனத்தின் பழைய பட்டியல். அதில் படம் இருந்தது, வரிசை எண் இருந்தது. எந்தக் கணக்கில், எதற்காக என்பது மட்டும் இல்லை. ஒரு பட்டியலைப் பார்த்து அடுத்த பட்டியல், அதைப் பார்த்து இன்னொன்று என்று குறி பயணம் செய்தது. வழியில் ஒருத்தர்கூட 'இது என்னங்க?' என்று கேட்டு எழுதிவைக்கவில்லை.

சரி, தூக்கிடலாமே என்றால் முடியாது. யூனிகோடில் ஒருமுறை நுழைந்தால் வெளியேற்றமே கிடையாது. பழைய ஃபைல்கள் எல்லாம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. பெயரைக்கூட மாற்ற மாட்டார்கள். ஓர் அடைப்புக்குறியின் ஆங்கிலப் பெயரில் 'பிராக்கெட்' என்ற சொல்லின் நடுவே இரண்டு எழுத்து இடம் மாறித் தட்டச்சாகிவிட்டது. தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அது அப்படியேதான் இருக்கிறது. திருத்தத்தைத் தனியாக ஒரு மாற்றுப்பெயர் என்று பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டில் பெயர் தப்பா வந்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

ஜப்பானில் இதைவிட ஒரு படி மேலே. 1978-இல் கணினிக்காகக் காஞ்சி எழுத்துகளின் தரப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். வெளியானபிறகு பார்த்தால், சில எழுத்துகள் எந்த அகராதியிலும் இல்லை. உச்சரிப்பும் தெரியாது, பொருளும் தெரியாது. அவற்றுக்கு மக்கள் வைத்த பெயர் 'பேய் எழுத்துகள்'. 1997-இல் அந்தத் தரத்தைத் திருத்தியபோது உட்கார்ந்து துப்பறிந்தார்கள். அதில் ஓர் எழுத்தின் கதை அருமையானது. ஷிகா மாகாணத்தில் ஓர் ஊர்ப்பெயருக்கு, மேலே 'மலை', கீழே 'பெண்' என்று அடுக்கின ஓர் அபூர்வ எழுத்து உண்டு. அச்சில் அது இல்லாததால், மலை எழுத்தையும் பெண் எழுத்தையும் தனித்தனியாக வெட்டி ஒரு தாளில் ஒட்டினார்கள். நகல் எடுத்தபோது ஒட்டின இடத்தின் நிழல் மெல்லிய கோடாக விழுந்தது. பட்டியல் எடுத்தவர் அதையும் எழுத்தின் ஒரு கோடு என்று நினைத்துச் சேர்த்துவிட்டார். காகித ஓரத்தின் நிழல் ஓர் எழுத்தாகிப் பிறந்துவிட்டது! அது இன்னும் இருக்கிறது, உங்க போனிலும் வரும்.

இதையெல்லாம் கேட்டால் ஒரு சந்தேகம் வரணும். அர்த்தம் என்பது குறியின் வடிவத்துக்குள்ளே இருக்கிற சரக்கா? இல்லவே இல்லை. அது பயன்படுத்துகிற ஆட்களிடம் இருக்கிறது. ஆட்கள் விலகினால் வடிவம் மட்டும் காலி வீடு மாதிரி நிற்கும். காலி வீட்டில் யார் வேண்டுமானாலும் புகலாம், முதலில் புகுவது பெரும்பாலும் நக்கல்தான்.

ஆட்கள் நிறைய இருந்தாலும் நக்கல் வரும், அது வேறு வகை. பள்ளியில் காரணியப் பெருக்கம் படிச்சிருப்பீங்க. 5! என்றால் 5 × 4 × 3 × 2 × 1, அதாவது 120. இந்தக் குறியை 1808-இல் கொண்டுவந்தவர் கிறிஸ்டியான் கிராம்ப். 1842-இல் ஆகஸ்டஸ் டி மார்கன் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஒரு கலைக்களஞ்சியத்தில் குறிகளைப் பற்றி எழுதும்போது இதைக் கண்டு கடுப்பானார். கணக்கின் விடையில் 2, 3, 4 வருவதே ஏதோ அதிசயம் என்று வாயைப் பிளக்கிற மாதிரி இருக்கிறது என்பது அவர் குறை. நியாயம்தானே? இன்றுவரை இணையத்தில் அதே ஜோக்தான் ஓடுகிறது. 40 − 32 ÷ 2 = 4! என்று ஒருத்தர் போடுவார். கீழே பாதிப் பேர் 'ஸ்கூலுக்கே போகலியா, போட்மாஸ் தெரியாதா' என்று பாய்வார்கள். போட்மாஸ்படி பார்த்தால் 40 − 16, அதாவது 24. 4!-உம் 24. போட்டவர் சொன்னது சரி. குறியை ஆச்சரியமாகப் படித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

குறியை உருவாக்கினவர்களே பட்டப்பெயரும் வைத்துக்கொண்ட ஓர் இடமும் இருக்கிறது. ஏபிஎல் என்று ஒரு நிரல் மொழி. கென்னத் ஐவர்சன் 1962-இல் எழுதிய புத்தகத்திலிருந்து வளர்ந்தது. இதில் ஆங்கிலச் சொற்களுக்குப் பதில் வரிசையாகக் குறிகள்தான். பார்த்தால் யாரோ கீபோர்டில் பூனையை நடக்கவிட்ட மாதிரி இருக்கும். அந்தக் காலத்துத் தட்டச்சு முனையத்தில் எழுத்துகள் குறைவு என்பதால், ஒரு குறியை அடித்து, பின்னால் வந்து, அதன் மேலேயே இன்னொன்றை அடித்துப் புதுக் குறி செய்தார்கள். கவிழ்த்த கிண்ணத்துக்குள் ஒரு குட்டி வட்டம் போட்டால் ⍝. நிரலில் விளக்கக் குறிப்பு எழுதுவதற்கு முன்னால் இதைப் போடுவார்கள். இதற்குப் பெயர் 'விளக்கு'. பார்க்கவும் பல்பு மாதிரி இருக்கும், குறிப்பும் வெளிச்சம் காட்டும். தமிழில் இன்னும் பொருத்தம், விளக்கம் தருவதால் விளக்கு! நட்சத்திரத்தின் மேல் வட்டம் போட்டால் ⍟. இது மடக்கை, அதாவது லாக். வெட்டின மரத்துண்டின் குறுக்குவெட்டு மாதிரி இருக்கு, பாருங்க. ஆங்கிலத்தில் மரக்கட்டைக்கும் அதே சொல். மடக்கை என்றால் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும், மரக்கட்டையை யாரும் மறக்க மாட்டார்கள்.

இந்த வகையில் உலக சாம்பியன் யார் என்றால் @. இதில் கொஞ்சம் நின்னு போகலாம்.

இது ரொம்பக் காலமாக வியாபாரிகளின் குறி. 12 பேனா, ஒன்று 5 ரூபாய் விலையில் என்பதை 12 பேனா @ 5 என்று எழுதுவார்கள். தட்டச்சுப் பொறியில் ஒரு மூலையில் சும்மா கிடந்தது. 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்ப வழி செய்தபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. மனிதர்களின் பெயரில் வரவே வராத குறியாக இருக்கணும். @ அகப்பட்டது.

அப்புறம் அது உலகம் சுற்றியது. இந்தக் குறியோடு பழக்கமே இல்லாத ஊர்களில் மக்கள் வடிவத்தைப் பார்த்தார்கள், தோன்றின பெயரை வைத்தார்கள். இத்தாலியில் நத்தை. ரஷ்யாவில் நாய். நெதர்லாந்தில் குரங்கு வால். டென்மார்க்கில் தும்பிக்கை வைத்த 'ஏ'. கிரீஸில் வாத்துக் குஞ்சு, ஹங்கேரியில் புழு, தைவானில் சுண்டெலி. செக் நாட்டில் சுருட்டி ஊறவைத்த மீன். இஸ்ரேலில் ஸ்ட்ரூடல் என்ற சுருள் இனிப்பு. இதெல்லாம் சும்மா கேலிக்குச் சொன்னது என்று நினைக்காதீங்க. அந்தந்த ஊரில் ஃபோனில் மின்னஞ்சல் முகவரி சொல்லும்போது வங்கி மேனேஜர்கூட முகம் மாறாமல் 'நத்தை' என்றுதான் சொல்லவேண்டும். ஜோக்கே அகராதியில் ஏறிவிட்டது.

நாம என்ன பண்ணினோம்? 'அட் த ரேட்'. கஸ்டமர் கேரில் பேசும்போது 'குமார், அட் த ரேட், ஜிமெயில் டாட் காம்' என்கிறோம். இதை நேராகத் தமிழ்ப்படுத்தினால், குமார் என்ன விலைக்கு என்றால் ஜிமெயில் விலைக்கு! உலகம் முழுக்க அந்தக் குறியில் மிருகக்காட்சி சாலையைப் பார்த்தபோது, இந்தியாவில் நாம் மளிகைக் கடை பில்லைத்தான் பார்த்தோம். இதைக் கிண்டல் பண்றவங்க உண்டு. நான் கிண்டல் பண்ண மாட்டேன். குறியின் பழைய தொழிலை ஞாபகம் வைத்திருப்பது நாமதான். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'அட் த ரேட் ஆஃப்' படிச்சவங்க முன்னால் அந்தக் குறி மின்னஞ்சலில் வந்து நின்றது, பழகின பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பேர் தெரிஞ்ச ஆளுக்குப் பட்டப்பெயர் தேவைப்படலை.

மேக் வைத்திருப்பவர்கள் கீபோர்டைப் பாருங்க. நான்கு மூலையிலும் சுருள் வைத்த ⌘. அரிசிமாவில் ஓரிழைக் கோலம் மாதிரி இருக்கும். மேக்கின்டோஷ் 1984-இல் வருவதற்கு முன்னால், கட்டளை விசைக்கு ஆப்பிள் லோகோவையே போட்டிருந்தார்கள். மெனுவைத் திறந்தால் வரிக்கு வரி ஆப்பிள். ஸ்டீவ் ஜாப்ஸ் அதைப் பார்த்துவிட்டு, லோகோவை இப்படி மலிவாக இறைக்காதீங்க என்று நிறுத்தினார். அவசரமாக வேறு குறி வேண்டும். வடிவமைப்பாளர் சூசன் கேர் ஒரு சர்வதேசக் குறி அகராதியைப் புரட்டினார். ஸ்வீடனில் 'இங்கே பார்க்கவேண்டிய இடம் இருக்கிறது' என்று காட்டும் சாலைக் குறி கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டார்கள். நோர்டிக் நாடுகளில் காரில் போகும் ஒருத்தருக்கு இன்றும் அது பழைய கோட்டைக்கோ கோயிலுக்கோ வழி காட்டும் பலகை. யூனிகோடிலும் அதன் பெயர் 'பார்க்கவேண்டிய இடம்' தான். அதாவது நீங்க காப்பி-பேஸ்ட் பண்ணும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுலாத் தலத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கீங்க.

கையெழுத்துப் பிரதி ஒன்றில் செய்த குறும்புகூட இந்தப் பட்டியலில் உண்டு. 15-ஆம் நூற்றாண்டு ஸ்லாவிய சங்கீதப் பிரதியில், 'பல கண்களை உடைய' தேவதூதர்கள் என்று எழுதவேண்டிய இடத்தில், எழுதினவர் 'ஓ' எழுத்தையே கண்களின் கொத்தாக வரைந்துவிட்டார். 2008-இல் அதுவும் யூனிகோடில் சேர்ந்தது, ஏழு கண்களோடு. பிறகு மூலப் பிரதியை யாரோ எண்ணிப் பார்த்தால் பத்து. 2022-இல் பத்தாகத் திருத்தினார்கள். பெயரைத்தான் மாற்றக் கூடாது, படத்தை மாற்றலாம்.

சரி, இப்போ வேற யாரும் சிரிக்காத சில குறிகளுக்கு வருவோம். ௳, ௴, ௵, ௶, ௷, ௸.

கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுங்க, கொஞ்சம் பழைய பாணியில் அடித்தது. 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பிக்கும். அப்புறம் ஆண்டின் பெயர், பக்கத்தில் ௵. வைகாசி ௴. 10 ௳. இதை டிசைன் என்று நினைப்பவர்கள் ஏராளம். பிள்ளையார்சுழியின் அண்ணன் தம்பி என்றோ பிரிண்டர் கோளாறு என்றோ நினைத்துத் தாண்டிவிடுவோம், நேராக 'டிபன் எத்தனை மணிக்கு' என்ற இடத்துக்கு. ௵ என்றால் வருடம். ௴ மாதம். ௳ நாள். கணக்குப் புத்தகத்தில் ௶ பற்று, ௷ வரவு. ௸ என்றால் மேற்படி. பழைய பத்திரங்களில் ௸யார் என்று எழுதியிருக்கும், மேற்படியார் என்று படிக்கணும். இவையெல்லாம் 2003 முதல் யூனிகோடில் இருக்கின்றன, பெரும்பாலான போன்களில் தெரிகின்றன.

2019-இல் இன்னும் 51 தமிழ்க் குறிகள் போய்ச் சேர்ந்தன. பின்னங்கள், அளவைகள், கணக்குக் குறிகள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. மா என்றால் 20-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, டிரவுசர் இல்லை. முந்திரிக்கு முன்னால் 'கீழ்' சேர்த்தால் அதை இன்னொரு 320 ஆகப் பிரிக்கணும், கீழ்முந்திரி என்பது 1,02,400-இல் ஒரு பங்கு. நெல் அளந்தவரும் நிலம் அளந்தவரும் இந்த வாய்பாட்டை மனப்பாடமாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். தசமப் புள்ளி வந்தது, மெட்ரிக் அளவை வந்தது, இதற்கு வேலை போய்விட்டது. சொல் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'இம்மியளவும் நம்பாதே' என்கிறோமே, அந்த இம்மியும் இப்படி ஒரு பின்னம்தான்.

இந்தப் புதுக் குறிகளை உங்க போனில் தேடிப் பாருங்க. பல போன்களில் வெறும் கட்டம்தான் வரும். எழுத்துரு இல்லாத இடத்தில் வரும் அந்த வெள்ளைக் கட்டத்துக்கு டெக் ஆட்கள் வைத்த பட்டப்பெயர் 'டோஃபு', சோயா பன்னீர்க் கட்டி மாதிரி இருப்பதால். கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்ததே 'இனி டோஃபு இல்லை' என்ற அர்த்தத்தில்தான். அதை இறக்கிக்கொள்ளாதவரை, முந்திரி கேட்டால் டோஃபுதான் வரும்.

நேர்மையாகச் சொன்னால் எனக்கு இதில் பாதி சிரிப்பு, பாதி உறுத்தல். மின்னல் 'ட'-வின் அர்த்தத்தைத் தேடிக் கிளம்பியவர்களுக்குக் கேட்க ஆள் கிடைக்கவில்லை, பழைய பட்டியல்கள்தான் கிடைத்தன. ௶, ௷ போட்டுக் கணக்கு எழுதினவர்கள் நம்மில் சிலர் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள், அல்லது அவர்கள் எழுதின நோட்டாவது பரணில் இருக்கிறது. யூனிகோடு வடிவத்தைப் பத்திரப்படுத்தும். 'கீழ்முந்திரியை எப்படிக் கூட்டுவீங்க, எதை அளந்தீங்க' என்பதை அது கேட்டு வைக்காது.

அதனால ஒரு வேலை. வீட்டில் பழைய கிரயப் பத்திரம், கடைக் கணக்கு நோட்டு, தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை ஏதாவது இருந்தால் எடுங்க. புரியாத குறி இருந்தால் முதலில் நீங்களே ஒரு நக்கல் பெயர் வைங்க, தப்பில்லை. அப்புறம் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருத்தரைப் பிடிச்சு, அது என்ன, எப்படிப் போடுவாங்க என்று கேட்டு, அவர் குரலில் ஒரு நிமிஷம் பதிவு செய்து அனுப்புங்க. ஆட்களின் பெயர், சர்வே எண் எல்லாம் சொல்லவேண்டாம், குறி மட்டும் போதும். நல்லதா வந்த பதிவுகளை அடுத்த எபிசோடில் போடுறோம். உங்க நக்கல் பெயரோடு சேர்த்து.